பதினாலு வருடம் எரியாத இடம்

மூன்று நிமிடம். கிண்ணத்தை மண்ணில் பதித்த வளையத்தின் மேல் கவிழ்த்துவிட்டு, காற்று போகிற பக்கமாகப் பத்தடி தள்ளி வந்து நின்றுகொண்டால் போதும், மிச்சத்தை எந்திரம் பார்த்துக்கொள்ளும். மண்ணிலிருந்து எவ்வளவு கரியமில வாயு வெளியே வருகிறது என்று நொடிக்கு நொடி அளந்து தனக்குள் எழுதிக்கொள்ளும். கிட்டே நின்றால் நாம் விடுகிற மூச்சையும் மண் விட்டதாக நினைத்துக்கொள்ளும், அதனால்தான் தள்ளி நிற்பது. பதினாலு வருடமாக மாதம் ஒருமுறை இதுதான் வேலை, ஒரு சுற்றுக்கு இருபத்து நான்கு வளையம், வளையத்துக்கு மூன்று நிமிடம். திலகவதி தன் வாழ்க்கையின் முக்கால்வாசி யோசனைகளை இந்த மூன்று மூன்று நிமிடங்களில்தான் யோசித்திருக்கிறாள். அம்மாவை எந்த ஆஸ்பத்திரியில் சேர்ப்பது, கணவன் வாசுதேவனோடு பேசாமல் இருப்பதை எத்தனையாவது நாளில் நிறுத்திக்கொள்வது, வீட்டுக்கு வெளிப்பூச்சு என்ன நிறம், எல்லாம். இன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் ஓடுகிறது. எத்தனை நொடி இருக்கும். ஏழா, பன்னிரண்டா. ஏழு என்றால் மனுஷத்தனம் என்று சொல்லிக்கொள்ளலாம். பன்னிரண்டு என்றால் என்னவென்று சொல்லிக்கொள்வது. காலடியில் சத்தமே இல்லை, அதுதான் பொறுக்கவில்லை. இந்த இடத்தில் பங்குனியில் நடந்தால் சருகு கணுக்கால் உயரத்துக்கு நொறுங்கும், பேசினால் காதில் விழாது. இன்றைக்கு மாவு கொட்டிய தரையில் நடப்பது மாதிரி இருக்கிறது, மேலே வெள்ளைச் சாம்பல், ஷூ நுனியால் கீறினால் கறுப்பு. தீ வந்து போய் ஒன்பது நாள். இருபதடிக்கு அப்பால் களப்பணியாளர் ஜடையன் பாட்டரியைத் தோளில் மாட்டிக்கொண்டு வேறு எங்கோ பார்த்து நிற்கிறார். காலையில் ஆறரைக்கு நேரம் தவறாமல் வந்தார், வணக்கமுங்க டாக்டரம்மா என்றார், அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் வளையத்தின் எண் மட்டும்தான். ஒன்னுங்க. ரெண்டுங்க. மூனுங்க. எப்போதும் இப்படி இருக்கிற ஆள் இல்லை.

எந்திரம் கீச்சென்றது. பாதிக்கும் கீழே. போன மாதம் இதே வளையம் விட்டதில் பாதிகூட இல்லை, வேர்கள் செத்துக்கொண்டிருக்கின்றன, இது அவளுக்குத் தெரிந்த விஷயம்தான், மற்ற மூன்று துண்டுகளிலும் எத்தனையோ முறை பார்த்தது. இந்த மலைச்சரிவில் இரண்டரை ஏக்கர் இரண்டரை ஏக்கராக நான்கு துண்டு. ஒன்றில் வருடாவருடம் அனுமதி வாங்கி மார்கழிக் கடைசியில் புல்லைக் கொளுத்துவார்கள், இரண்டில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை, மூன்றில் ஆறு வருடத்துக்கு ஒருமுறை. நான்காம் துண்டில் தீயே கிடையாது. சுற்றிலும் ஆறு மீட்டர் அகலத்துக்குச் செதுக்கி வெறும் மண்ணாக வைத்து, அந்தத் தடுப்புக் கோட்டை மாதத்துக்கு இரண்டு முறை ஜடையன் பெருக்கி வைப்பார். தீயை உள்ளே விடாமல் வைத்திருந்தால் காடு எவ்வளவு கார்பனைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மரத்தில் எவ்வளவு, சருகில் எவ்வளவு, மண்ணில் எவ்வளவு, அது நல்லதா, அல்லது பின்னால் ஒருநாள் ஒட்டுமொத்தமாக எரியப்போகிற விறகைச் சேர்த்து வைக்கிறோமா, இதுதான் கேள்வி. பதினாலு வருடத்தில் பாதிப் பதில் கிடைத்திருந்தது. இன்னும் ஆறு வருடம் இருந்தால் முழுப் பதிலும் கிடைக்கும் என்று அவள் நம்பினாள். வரும் ஜூனில் அவளுக்கு ஓய்வு என்றாலும், பின்னால் வருகிறவர்கள் தொடர்வார்கள் என்று நம்பினாள். எரியாத துண்டு என்று ஒன்று இருந்தால்தானே மற்ற மூன்றையும் அதோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். இப்போது எதோடு ஒப்பிடுவது. அன்றைக்கு மதியம் அவள் ஆறு கிலோமீட்டர் கீழே ஆய்வு நிலையத்து அறையில் உட்கார்ந்து இந்தத் துண்டைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தாள், எதிரில் வீட்டிலிருந்து கட்டிவந்த தயிர்சாதம், வாசுதேவன் எப்போதும் போல இஞ்சியை அள்ளிப் போட்டிருந்தான். மேற்கே புகை தெரிகிறது என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். ஒன்றே முக்காலுக்கு வாக்கிடாக்கியில் ஜடையன் குரல். தீ மேட்டைத் தாண்டிவிட்டது, காற்று மேலட்டி ஊரைப் பார்த்து அடிக்கிறது, நாலாம் துண்டுக்குக் கிழக்கே உள்ள கோட்டிலிருந்து எதிர்த்தீ வைத்தால்தான் நிற்கும், வைக்கட்டுங்களா. எதிர்த்தீ என்றால் வருகிற தீக்கு முன்னாலேயே நாமே ஒரு தீயை வைத்து, அது தின்ன வேண்டியதை நாம் தின்று வைப்பது. தின்னப் போவது நான்காம் துண்டை. வைக்கட்டுங்களா என்று கேட்டார். பிறகு வாக்கிடாக்கியில் கொர்ரென்ற இரைச்சல் மட்டும். அவள் கையில் கரண்டி இருந்தது. கரண்டியைக் கீழே வைத்தாளா, கையிலேயே வைத்திருந்தாளா. ஆறு மீட்டர் கோடு இருக்கிறதே, அது தாங்காதா, தீ இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு போய்விடாதா என்று அந்த நேரத்தில் அவள் நினைத்தாள். அதுதான். அதை நினைத்தாள். பிரிந்து சுற்றிக்கொண்டு எங்கே போகும். மேலட்டிக்குத்தான் போகும். முப்பத்தொரு வீடு, பாதிக்கு மேல் புல் வேய்ந்தது. அந்த முப்பத்தொன்றில் ஒன்றில் ஜடையனின் மகள் மாதேவி ஐந்து மாதக் குழந்தையோடு இருந்தாள். தைமாதம் அந்தக் குழந்தையை இவள் மடியில் வைத்திருந்தாள், அது இவளுடைய கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. இதெல்லாம் தெரிந்திருந்தும் இந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகுதான் சரி என்றாள். சரி, வைங்க.

அஞ்சுங்க, என்றார் ஜடையன். அவள் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டுத் தள்ளி வந்தாள். அவருக்குத் தெரிந்திருக்கும். கொர்ரென்ற அந்த இரைச்சலை அந்த முனையில் கேட்டுக்கொண்டு நின்றவர் அவர்தானே. நொடி எண்ணத் தெரியாதவரா, மூன்று நிமிடம் என்றால் கடிகாரம் பார்க்காமலே இரண்டு ஐம்பத்தைந்தில் திரும்பிப் பார்க்கிற ஆள். முதல் வருடம் இவர் வேலைக்கு வந்தபோது இவளுக்கு நாற்பத்து நாலு, அவருக்கு முப்பத்தெட்டோ முப்பத்தொன்பதோ, அவருக்கே சரியாகத் தெரியாது. மலை ஏற முடியாமல் இவள் பாறையில் உட்கார்ந்துவிட்ட அன்றைக்கு, உட்காருங்க, மலை எங்கீங்க போகுது என்றார். இன்றுவரை இவள் களைத்தால் அதே வாக்கியம்தான். மூன்றாம் வருடம் யானை வந்து ஒன்பது வளையத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனது. பிடுங்கியதைத் தேடியெடுத்து, கைக்கு நாலைந்தாக வளையல் மாதிரி மாட்டிக்கொண்டு, ஒன்றும் உடையலைங்க, பாத்துப் பாத்துத்தான் புடுங்கியிருக்கு என்று சரிவில் இறங்கி வந்தார். மரத்தடியில் கட்டிய வலையில் விழுகிற சருகை மாதாமாதம் எடை போட்டு எழுதச் சொல்லியிருந்தாள். இலை, குச்சி, பூ, காய் என்று நான்கு வகைதான் சொல்லிக்கொடுத்தது. ஒரு மாதத் தாளில் ஐந்தாவதாக ஒரு வரி இருந்தது, பாம்புச் சட்டை ஆறு கிராம். இதையெல்லாம் எழுதக் கூடாது ஜடையன் என்று சொன்னாள். ஏனுங்க, அதுவும் மேலயிருந்து விழுந்ததுதானுங்களே என்று கேட்டார். இன்னும் அந்த ஆறு கிராம் கணினியில் அப்படியே இருக்கிறது. அம்மா இறந்தபோது கோயம்புத்தூருக்கு முதன்முறையாகத் தனியாக பஸ் ஏறி வந்து, கல்லூரியின் வேறொரு வாசலில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றுவிட்டு, யாரோ சொல்லி வீடு கண்டுபிடித்து வந்தார். கையில் ஒரு பை நெல்லிக்காய். துக்க வீட்டுக்கு என்ன கொண்டுவருவதென்று தெரியலைங்க என்றார். அன்றைக்கு அவள் அழுதது அம்மாவுக்கா அந்த நெல்லிக்காய்க்கா என்று இப்போது கேட்டால் சொல்ல முடியாது. இப்படிப்பட்டவர், தன் மகளும் பேரப்பிள்ளையும் தீயின் வாயில் இருக்கும்போது வைக்கட்டுங்களா என்று கேட்கிறார், இவள் நான்காம் துண்டை நினைத்துக்கொண்டு கரண்டியோடு உட்கார்ந்திருக்கிறாள். மறுநாள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி, அன்றைக்கு மனதில் ஓடியதை அதே வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தாள். முதல் தடவை ஏழு நொடி. இரண்டாம் தடவை பன்னிரண்டு. ஒரே அளவை இரண்டு தடவை எடுத்து இரண்டு எண் வந்தால் மூன்றாவது எடுக்க வேண்டும் என்று மாணவர்களுக்கு முப்பது வருடமாகச் சொல்லிக்கொடுத்தவள், மூன்றாவது எடுக்கவில்லை.

ஒம்பதுங்க. பத்துங்க. வெயில் ஏற ஆரம்பித்திருந்தது, நிழல் தரப் பச்சை இலை இல்லை, வேங்கை மரமும் வெக்காலி மரமும் கறுத்த காலோடு நிற்கின்றன, மேலே கருகின இலை பழுப்பாகத் தொங்குகிறது. பல மரங்கள் பிழைக்கும். உண்ணிச்செடி புதர்தான் ஒன்றுமில்லாமல் போயிருக்கிறது, அதுவும் முதல் மழையில் வேரிலிருந்து வந்துவிடும். குனிந்து ஒரு கரித்துண்டை எடுத்தாள், சுண்டுவிரல் தடிமன், லேசாக, உடைத்தால் உள்ளே மினுமினுப்பு. இதுகூட ஒரு சேமிப்புத்தான். இலையாக விழுந்திருந்தால் இரண்டு மழையில் மக்கி மறுபடி காற்றுக்கே போயிருக்கும், கரியாகிவிட்டதால் இருநூறு முந்நூறு வருடம் மண்ணுக்குள் அப்படியே கிடக்கும். எரிந்ததெல்லாம் போய்விட்டது என்று அர்த்தமில்லை என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருக்கிறாள், இப்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் ஏனோ ஆறுதல் சொல்ல வந்த சொந்தக்காரர் பேச்சு மாதிரி இருக்கிறது. இன்று மாலைக்குள் கடிதம் கொடுக்க வேண்டும். நான்காம் துண்டு எப்படி எரிந்தது, தீ வைத்தது யார், யார் சொல்லி வைத்தது என்று வனத்துறை கேட்டிருந்தது. காட்டுக்குள் அனுமதியில்லாமல் தீ வைத்தால் வழக்கு, அது எதிர்த்தீயாக இருந்தாலும் அதிகாரி சொல்லித்தான் வைக்க வேண்டும். ரேஞ்சர் நல்ல மனுஷர், நேற்று போனில் தயங்கித் தயங்கி, தானாகப் பரவிவிட்டது என்று எழுதிவிடுங்கள் மேடம், எல்லாருக்கும் நல்லது என்றார். எழுதிவிடலாம். ஒரு வரிதானே. ஆனால் அந்த ஒரு வரி கடிதத்தோடு நிற்காது, ஆய்வுக் குறிப்பிலும் ஏறும், பத்து வருடம் கழித்து யாரோ ஒரு பெண் அதைப் படித்துவிட்டு, ஆறு மீட்டர் கோடு போட்டுப் பாதுகாத்தும் தீ தானாகவே உள்ளே வந்துவிட்டது, ஆகவே கோடு போட்டுப் பயனில்லை என்று எழுதுவாள், அதை வைத்து இன்னொருவர் வேறொரு காட்டில் கோடு போடுவதையே நிறுத்திவிடுவார். ஜடையன் வைத்தார் என்று எழுதினால் வழக்கு அவர் மேல். நான் சொல்லித்தான் வைத்தார் என்று எழுதினால் விஷயம் அவளோடு போய்விடும், ஜூனில் ஓய்வு பெறப் போகிறவளை என்ன செய்துவிடுவார்கள். அதைத்தான் எழுத வேண்டும் என்று நேற்றே உட்கார்ந்தாள். சொன்னேன் என்று எழுதும்போது பேனா நின்றுவிட்டது. சொன்னாய், எத்தனையாவது நொடியில் சொன்னாய். தைரியமாக உத்தரவு கொடுத்தவள் மாதிரியல்லவா அந்த வாக்கியம் இருக்கிறது. மேலட்டிக்காரர்கள் அதைக் கேள்விப்பட்டு, டாக்டரம்மா தன் காட்டைக் கொடுத்து நம்மைக் காப்பாற்றியது என்று பேசுவார்கள், மாதேவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து மடியில் போடுவாள். அதை எப்படித் தாங்குவது.

பதினேழாம் வளையத்தில் கிண்ணம் சரியாக உட்காரவில்லை, வளையத்தின் விளிம்பு சூட்டில் நெளிந்திருந்தது. ஜடையன் பாட்டரியை இறக்கி வைத்துவிட்டு வந்து, மண்டியிட்டு, அரிவாள் நுனியால் விளிம்பைச் சுரண்டிச் சமப்படுத்தினார். காலையிலிருந்து இருவரும் இவ்வளவு கிட்டே வரவில்லை. அவர் புருவத்தில் இரண்டு இடத்தில் முடி இல்லை, பொசுங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சொல்ல வந்துவிட்டது. எப்படி ஆரம்பிப்பது என்று ஒன்பது நாளாக யோசித்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "அன்னைக்கு நீங்க கேட்டப்ப நான் உடனே சொல்லலை, ஜடையன்" என்றாள். அவர் சுரண்டுவதை நிறுத்தவில்லை. தெரியுமுங்க என்றார். கோடு தாங்கும் என்று நினைத்தேன், உங்கள் மகளும் பிள்ளையும் அங்கே இருப்பது தெரிந்தும் நினைத்தேன் என்று அவள் சொல்லிமுடித்தாள். ஜடையன் அரிவாளைக் கீழே வைத்தார். "உடனே வைங்கன்னு சொல்லியிருந்தீங்கன்னாத்தானுங்க நான் பயந்திருப்பேன். பதினாலு வருசமுங்க" என்றார். பிறகு வளையத்தைப் பார்த்துக்கொண்டே, நீங்க சொன்னதுக்கப்புறம் வைக்கலைங்க என்றார். அவளுக்குப் புரியவில்லை. உங்களக் கேக்கறப்பவே பத்தியிருச்சுங்க என்று அவர் சொன்னார். வாக்கிடாக்கியை எடுக்கும்போது காலடியில் தீ ஓடிக்கொண்டிருந்தது, வேறு யாரும் சொல்லி அவளுக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் கூப்பிட்டார், வைத்துவிட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார், ஆனால் அந்த வார்த்தை வரவில்லை, வைக்கட்டுங்களா என்று வந்துவிட்டது. ஒன்பது நாளாக இவள் முகத்தைப் பார்க்க முடியாமல் இருப்பது அதனால்தான். கேட்பது போலக் கேட்டு ஏமாற்றிவிட்டோமே என்று. திலகவதி சாம்பலில் உட்கார்ந்துவிட்டாள். ஏழானால் என்ன, பன்னிரண்டானால் என்ன, அந்த நொடிகளுக்கு வேலையே இருந்திருக்கவில்லை. அவள் யோசித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் இங்கே தீ போய்க்கொண்டிருந்தது, சரியான திசையில். நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது, இறங்கிய இடத்தில் வெட்கம் அப்படியேதான் இருந்தது, யோசித்தது யோசித்ததுதானே, ஆனால் இப்போது அது தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய எடையாக இருந்தது. ஜடையனுக்கு இன்னும் சொல்ல மிச்சமிருந்தது. "மூனாவது குச்சியிலதானுங்க பத்த வச்சேன். மொத ரெண்டும் காத்துல அணைஞ்சிருச்சுன்னு ரேஞ்சர்கிட்ட சொன்னேன்" என்றார். பிறகு அவளை நேராகப் பார்த்தார். "காத்து இல்லீங்க."

அவருடைய மகள் அங்கே இருந்தாள், அவருடைய வீடு அங்கே இருந்தது, அப்படியும் இரண்டு குச்சியை அவரே ஊதி அணைத்திருக்கிறார். இந்த இரண்டரை ஏக்கரைத் தன்னைப்போல நேசித்தது உலகத்தில் இன்னொரு ஆள் உண்டு என்று இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்து தெரியாமல் போயிற்றே என்று அவளுக்கு இருந்தது. கோபமாக வந்தது, சிரிப்பாகவும் வந்தது, கையை நீட்டி அவர் புருவத்தில் பொசுங்கின இடத்தைத் தொட வேண்டும் போல இருந்தது, தொடவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்துச் சாம்பலில் உட்கார்ந்தபடியே கடிதத்தை எழுதினாள். ஒவ்வொரு வாக்கியமாக வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினாள், அவர் கேட்டுக்கொண்டிருந்தார். எதிர்த்தீ வைத்தவர் இந்த ஆய்வில் பதினாலு வருடமாக வேலை செய்யும் ஜடையன். யாரும் சொல்லி வைக்கவில்லை, சொல்லும்வரை காத்திருக்க நேரமில்லை. அவர் வைத்திருக்காவிட்டால் மேலட்டியில் முப்பத்தொரு வீடும் எரிந்திருக்கும். அவர் செய்தது சரி. ஆய்வின் பொறுப்பாளர் நான், விசாரணை எதுவானாலும் அவரோடு நானும் வருவேன். ரெண்டு நாள் ஆபீஸ் வாசல்ல நிக்கணும், அவ்வளவுதானுங்களே, நீங்க எதுக்குங்க என்றார் அவர். நான் சும்மா நிழலுக்கு நிற்கிறேன் என்றாள். என் பேரை மட்டும் ஜானா போட்டு எழுதுங்க, அவங்க சடையன் சடையன்னே எழுதறாங்க என்றார். ஜானா போட்டுத்தான் எழுதியிருந்தாள், காட்டினாள். பின்னால் அவர்களை மூன்று முறை கூப்பிட்டார்கள். மூன்று முறையும் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், மூன்றாம் முறை ரேஞ்சரே டீ வாங்கிக் கொடுத்து, ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு அனுப்பிவிட்டார். ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு அந்த வெயிலில் இருபத்து நான்காம் வளையமும் முடிந்ததும், பாட்டரியைக் கட்டி வைத்துவிட்டு, இனி இங்க வேலை இல்லீங்களா என்று ஜடையன் கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் அவளும் வாயைத் திறந்தாள். பதினாலு வருடம் எரியாமல் சேர்ந்ததெல்லாம் ஒரே மதியத்தில் எரிந்தால் பிறகு என்ன ஆகும், எந்த மரம் பிழைக்கும், மண் எத்தனை நாளில் எழுந்திருக்கும். அதை ஆரம்ப நாளிலிருந்து அளந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா. இந்த இடத்தைப் போல, எரிவதற்கு முன் ஒவ்வொரு மரமும் எவ்வளவு பருமன் இருந்தது என்று தெரிந்த இடம் வேறு எது இருக்கிறது. கேள்விதான் மாறியிருக்கிறது. ஜூன் வர இன்னும் மூன்று மாதம் இருந்தது, ஜூனுக்குப் பிறகும் பஸ் ஓடத்தானே போகிறது. நானூற்று ஆறு மரம் இருக்கிறது, ஒன்றிலிருந்து ஆரம்பிக்கலாமா என்று கேட்டாள். அவர் பையில் கைவிட்டு அளவு நாடாவை எடுத்தார். முதல் மரம் வேங்கை, ஒரு ஆளால் கை எட்டிப் பிடிக்க முடியாதது. ஜடையன் இரண்டு கையையும் விரித்து, கன்னத்தையும் மார்பையும் அந்தக் கரியில் அழுத்தி, மரத்தைக் கட்டிக்கொண்டு, அந்தப் பக்கத்திலிருந்து நாடாவின் நுனியைத் துழாவினார். எட்டவில்லை. திலகவதி நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபக்கம் போய், புடவையைப் பற்றி யோசிக்காமல் மரத்தோடு சாய்ந்து நின்று, நுனியைப் பிடித்து அவர் கையில் கொடுத்தாள். மரம் உள்ளுக்குள் இன்னும் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. "நூத்தித் தொண்ணூத்தாறு புள்ளி நாலுங்க" என்றார் ஜடையன், கறுப்பான முகத்தோடு. அவள் எழுதிக்கொண்டாள்.